பழைய எஞ்சினுக்கு எக்ஸோஸ்ட் பிளேஞ்ச்: மட்டக்களப்பிலேயே முடிகிற வேலை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் தையல் மெசின் ஓடுவது மாதிரி ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் ஓடி எஞ்சின் சூடானதும் அது குறைந்துவிடும். பொனட்டைத் திறந்து பார்த்தால் மெனிபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு விடுகிற வார்ப்பு) சிலிண்டர் ஹெட்டில் ஒட்டுகிற இடத்தில் கறுப்பாகக் கரி பிடித்திருக்கும். டப்பட் அடிக்கிறது என்று நினைத்து நான் இரண்டு தரம் வால்வ் இடைவெளி பார்த்தேன், பிறகுதான் விளங்கியது, சத்தம் டப்பட்டில் இல்லை, எக்ஸோஸ்ட் ஒழுகுகிறது. உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தால் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருவரைப் பின்னால் நிறுத்தி ஈரத்துணியால் சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் அமத்தச் சொல்லுங்கள், ஒழுக்கு இருக்கிற இடத்தில் சத்தம் கூடும், சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழியும் வரும். இதைச் சும்மா சத்தம்தானே என்று விடாதீர்கள். எஞ்சின் அறைக்குள் ஒழுகுகிற புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, பழைய காரின் டேஷ் பக்கத்து ஓட்டைகள் வழியாக நேரே உள்ளே வரும்.

என்னுடையது அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின். கீழே சொல்கிற முறை, அதாவது ஹெட்டில் முறுக்குகிற தடித்த தகட்டை (அதுதான் பிளேஞ்ச்) வெட்டி அதில் புகைக் குழாய்களை வெல்டிங் அடிப்பது, லான்ட் ரோவருக்கும் பழைய டட்சனுக்கும் மாஸி பேர்கசன் 35 ட்ராக்டருக்கும் ஒன்றுதான், துளைகளின் இடமும் வாய்களின் (ஹெட்டில் புகை வெளியே வருகிற துவாரங்களின்) வடிவமும்தான் மாறும். ஆனால் மைனர் எஞ்சினில் இரண்டு மூன்று பொறிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் நான் கால் வைத்தவன் என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வாங்க முடியுமா என்று பாருங்கள். மைனர், மினி போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் ஹெடர் (வார்ப்பு மெனிபோல்ட்டுக்குப் பதிலாகப் போடுகிற, பிளேஞ்சும் குழாய்களும் சேர்ந்த சாமான்) முழுசாகவே செய்து விற்கிறார்கள், ஆனால் சாமானின் விலைக்கு மேல் கூலியும் சுங்கமும் சேர்ந்து வரும்போது வயிறு எரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய மெனிபோல்ட் கிடைக்கும், தெரிந்தவர் இருந்தால் எடுத்து பஸ்ஸில் பார்சலாகப் போட்டு விடுவார். அப்படி எடுக்கிறதென்றால் போட்டோவில் வெடிப்பு தெரியாது என்பதை மனதில் வையுங்கள், எனக்கு வந்த ஒன்றில் நடு வாய்க்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது, கிரீஸ் பூசி மறைத்திருந்தார்கள். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டு வெள்ளைச் சோக்கைத் தடவிப் பாருங்கள், வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் சோக்கில் கோடாக ஊறி வரும். மூன்றாவது வழி, உக்கிப்போன ஹெடர் யாரிடமாவது கிடந்தால் குழாயை வெட்டி எறிந்துவிட்டு பிளேஞ்சை மட்டும் எடுப்பது. குழாய் மெல்லியது என்பதால் கல்லடிப் பக்கத்து உப்புக் காற்றில் அதுதான் முதலில் போகும், பிளேஞ்ச் தப்பி நிற்கும். இது ஒன்றும் கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியதுதான், செய்வது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலையும் இல்லை.

அளவு எடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. எல்லோரும் செய்கிற பிழை, கடையில் கேஸ்கட் (ஒழுகாமல் ஹெட்டுக்கும் மெனிபோல்ட்டுக்கும் இடையில் வைக்கிற மெல்லிய அடைப்பு) ஒன்று வாங்கி அதைத் தகட்டில் வைத்து வரைவது. கேஸ்கட் ஓட்டைகள் ஸ்டட்டில் (ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கிற, நட்டு ஏறும் புரிக்கம்பியில்) லேசாக இறங்குவதற்காகத் தாராளமாக வெட்டப்பட்டவை, வாய்களும் அப்படித்தான். அதை வைத்து வரைந்தால் உங்கள் பிளேஞ்சின் வாய் எங்கே நிற்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஹெட்டில் இருந்தே அளவு எடுங்கள். மெனிபோல்ட்டைக் கழற்றி, பழைய கேஸ்கட்டை ஈரமாக்கிச் சுரண்டி எடுத்து (பழைய கேஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், காய்ந்தபடி கிரைண்டர் பிரஷ் போடவே வேண்டாம்), பைல் கவர் மட்டையை ஸ்டட்டுகளுக்கு மேல் வைத்து அமத்துங்கள், ஸ்டட் முனைகள் அடையாளம் போடும். அந்த இடங்களில் ஓட்டை போட்டு மட்டையை ஹெட்டோடு ஒட்ட இறக்கி, கிரீஸ் தொட்ட விரலால் வாய்களின் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். விளிம்பு அப்படியே அச்சாக விழும்.

இப்போதே அந்த மட்டையில் ‘ஹெட் பக்கம்’, ‘ரேடியேட்டர் பக்கம்’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். நான் எழுதவில்லை. மட்டையைப் பிரட்டி வைத்து வரைந்து, ஒரு பின்னேரம் முழுக்க அரத்தால் ராவி முடித்து, கொண்டுபோய் ஸ்டட்டில் போட்டுப் பார்த்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் மறுபக்கம். அந்தத் தகடு இப்போது வீட்டுக் கேற்றுக்கு முட்டுக் கொடுக்கிறது.

மட்டை வடிவத்தைத் தரும், துல்லியத்தைத் தராது. ஸ்டட்டுகளுக்கு இடையிலான தூரத்தை வேர்னியரால் தனியாக எடுங்கள். இரண்டு ஸ்டட்டுகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஒரு அளவு, உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு ஒரு அளவு, இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் மையத்துக்கு மையம் வரும். வெளியே 62.0, உள்ளே 46.1 என்று வந்தால் மையத் தூரம் 54.05 மில்லிமீற்றர். ஸ்டட் இரண்டும் வேறு வேறு தடிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிழைக்காது. ஸ்டட் வளைந்திருந்தால் மட்டும் பிழைக்கும், அதனால் அளவை நுனியில் எடுக்காமல் ஹெட்டோடு ஒட்டி அடியில் எடுங்கள்.

கொம்பியூட்டரில் வரைந்து லேசர் அல்லது பிளாஸ்மாவில் வெட்டக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்கேன் பண்ணும்போது பக்கத்தில் ஒரு இரும்பு அடிமட்டத்தையும் வைத்து ஸ்கேன் பண்ணுங்கள். போட்டோகொப்பி மெசின் 1 சதவீதம் கூட்டினாலே 300 மில்லிமீற்றரில் 3 மில்லிமீற்றர் போய்விடும், ஸ்டட் இறங்காது. வரைந்ததும் அளவு மாறாமல் கடதாசியில் எடுத்து, அதை மட்டையில் ஒட்டி வெட்டி, எஞ்சினில் போட்டுப் பார்த்துவிட்டே இரும்புக்குப் போங்கள்.

சரி, தகடு. வெல்டிங் கடைகளில் ‘மூன்று நூல் தகடு’ என்று கேளுங்கள், அதாவது 3/8 அங்குலம், 9.5 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் தகடும் நல்லதே. இரண்டு நூல் தகடு போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். நான் முதலில் 6 மில்லிமீற்றரில், அதுவும் காஸ் கட்டரால் வெட்டி, குழாயை ஒரே மூச்சில் சுற்றி வெல்டிங் அடித்து எடுத்தேன். காத்தான்குடியில் லேத் வைத்திருக்கிற ஒரு காக்காவிடம் முகம் பிடிக்க (ஹெட்டில் ஒட்டுகிற பக்கத்தைச் சமமாகச் சீவ) கொண்டு போனேன், அவர் அதை மேசையில் வைத்து ஒரு முனையை விரலால் தட்டினார், மறுமுனை எழும்பிக் கிடந்து ஆடியது. “மனே, இது பிளேஞ்ச் இல்ல, தேங்காக் கீறு” என்றார். மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் வளையும், பிறகு ஓடுகிற சூட்டில் இன்னும் வளையும், எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் ஓரத்தில் ஒழுகும்.

பழைய இரும்புக் கடைத் தகடும் சரிதான், குழி விழாமல் இருக்க வேண்டும். நாகம் பூசிய (கல்வனைஸ்) தகடு, குழாய் இரண்டையும் தொடாதீர்கள், வெல்டிங் அடிக்கும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் போட்டால் துரு பிடிக்காது என்ற ஆசை கடலோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் வரும், ஆனால் 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் சாதாரண இரும்பை விடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரிகிறது, வளைவதும் அதிகம். அதைப் போடுவதென்றால் குழாய், பிளேஞ்ச் இரண்டையும் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே, டிக் வெல்டிங் நன்றாகத் தெரிந்தவரிடம் செய்யுங்கள். என் வண்டிக்கு நான் சாதாரண இரும்புதான் போட்டேன்.

லேத் கடைக்குப் போகிற காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்போக வெட்டு நடக்கிற மாசி பங்குனியில் மட்டக்களப்பிலும் சரி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் சரி, கடைக்கு முன்னால் நெல்லு வெட்டும் மெசினும் ட்ராக்டரும் வரிசையில் நிற்கும், உங்கள் மைனர் பிளேஞ்ச் ஒரு மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். வெட்டு முடிந்த பிறகு போனால் தேத்தண்ணியும் தந்து வேலையும் செய்து தருவார்கள். அரிசி ஆலைகளுக்கும் வாழைச்சேனைப் பக்கத்தில் படகு எஞ்சின்களுக்கும் வேலை செய்கிற லேத்காரர்கள் இந்த மாதிரிக் கோணல் வேலைக்குப் பழகியவர்கள், பளபளவென்று இருக்கிற கடையை விட அவர்களிடம் போவதையே நான் விரும்புவேன்.

வெட்டுவதற்கு லேசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பழைய வழி. தகட்டில் வெள்ளைப் பெயின்ட் மெல்லிதாக அடித்து, காய்ந்ததும் கூரான ஆணியால் கோடு கீறி, ஒவ்வொரு ஸ்டட் மையத்திலும் பஞ்ச் அடித்து, 3 மில்லிமீற்றர், பிறகு 6, பிறகு கடைசி அளவு என்று படிப்படியாக டிரில் போடுங்கள், ஒரேயடியாகப் பெரிய டிரில் போட்டால் அது நடந்து போகும். ஸ்டட் ஓட்டைகளை முதலில் போட்டு, தகட்டை எஞ்சினில் மாட்டிப் பார்த்துவிட்டே வாய்களைத் தொடுங்கள், ஓட்டை பிழைத்தால் தகடு மட்டும்தான் போகும், ஒரு நாள் வேலை போகாது. வட்ட வாய்க்கு ஹோல் சோ போதும், மெதுவாகச் சுற்ற விட்டு எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள் (நான் தேங்காயெண்ணெய் விட்டேன், பட்டறை முழுக்கப் பலகாரம் சுட்ட வாசம்). மைனர் ஹெட்டில் இன்டேக் (காற்றும் பெற்றோலும் உள்ளே போகிற) வாய் வட்டம், எக்ஸோஸ்ட் வாய் மூலை உருண்ட சதுரம் போல. சதுரத்துக்கு உள்கோட்டை ஒட்டி வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போட்டு, இடையில் நிற்பதை உளியால் வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவுங்கள். கை நோகும். காஸ் கட்டர் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், வெட்டின ஓரம் கரடுமுரடாகிறது, சில இடம் கடினப்பட்டு அரத்தைத் தின்கிறது.

பிளேஞ்ச் வாய் ஹெட் வாயை விடச் சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் அளவு பெரிதாக இருக்கட்டும். சின்னதாக இருந்தால் வெளியே வருகிற புகைக்கு முன்னால் ஒரு வரம்பு கட்டின மாதிரி ஆகிவிடும்.

ஸ்டட் ஓட்டையை ஸ்டட்டுக்கு இறுக்கமாகப் போடாதீர்கள். சாதாரண இரும்பு 300 மில்லிமீற்றர் நீளம் 300 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் நீளும், ஹெட் அந்த அளவு சூடாவதில்லை, அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. அதனால் நடு ஓட்டைகள் 8.5 மில்லிமீற்றர், இரண்டு கரை ஓட்டைகளையும் நீளவாட்டில் ராவி 9.5, 10 வரைக்கும் நீள்வட்டமாக்குங்கள். இன்னும் நல்லது, வெல்டிங் முடிந்த பிறகு வாய்க்கும் வாய்க்கும் இடையில் பிளேஞ்சை வெட்டி மூன்று துண்டாக்கி விடுவது, ஒவ்வொரு துண்டும் தன்பாட்டில் விரியும். மைனர் எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு மூன்று எக்ஸோஸ்ட் வாய்தான், நடுவில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாயால் மூச்சு விடுகின்றன, அதனால் நடுத்துண்டுதான் அதிகம் சூடாகும்.

இனி இந்த எஞ்சினின் பெரிய பொறி. பழைய மைனர் மெனிபோல்ட்டில் இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டும் ஒரே வார்ப்பு. ஹெடர் போட்டால் இன்டேக்கைத் தனியாகப் போட வேண்டும். குளிர் நாட்டில் எக்ஸோஸ்ட் சூடு இன்டேக்குக்குப் போகாவிட்டால் காபரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்று கவலைப்படுவார்கள், மட்டக்களப்பு வெயிலில் அது ஒரு பொருட்டே இல்லை. பொருட்டு வேறு. இன்டேக் பிளேஞ்சும் எக்ஸோஸ்ட் பிளேஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, இடையில் இருக்கிற ஸ்டட்டில் ஒரு தடித்த பெரிய வாஷர் இரண்டின் தோளிலும் ஒரே நேரத்தில் ஏறி அமத்துகிறது. ஒரு பிளேஞ்ச் மற்றதை விட அரை மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தாலும் வாஷர் சரிந்து தடித்ததை மட்டும்தான் பிடிக்கும், மெல்லியது சும்மா நிற்கும். எக்ஸோஸ்ட் இறுக்கமாக இருக்க இன்டேக்கில் காற்று இழுத்து எஞ்சின் ஐடிலில் நிற்காமல் துள்ளும், நீங்கள் காபரேட்டரைக் குடைந்துகொண்டு இருப்பீர்கள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குடைந்தேன். தகடு வாங்கப் போகும் முன்னமே இன்டேக் பிளேஞ்சின் தடிப்பை வேர்னியரால் அளந்து எழுதி வையுங்கள், முகம் பிடிக்கும்போது அந்த அளவுக்கே இறக்கச் சொல்லுங்கள்.

வெல்டிங்குக்கு ஒரு பழைய, கழித்துப்போட்ட ஹெட் கிடைத்தால் கும்பிட்டு வாங்குங்கள், அதில் பிளேஞ்சை முறுக்கி வைத்துவிட்டு வெல்டிங் அடித்தால் வளைய இடமில்லை. அது இல்லாவிட்டால் அங்குலத் தடிப்பில் ஒரு இரும்புச் சட்டம். வண்டியில் வைத்து முழு வெல்டிங் அடிக்காதீர்கள், குழாய் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று பார்த்து நாலு பொட்டு வைக்க மட்டும் வண்டியில் வையுங்கள், அதற்கும் முன்னால் பற்றரி வயரைக் கழற்றி, பெற்றோல் பைப்பை அடைத்து, பக்கத்தில் ஒரு வாளி மண். பிறகு கழற்றி எடுத்து, குழாயைப் பிளேஞ்ச் வாய்க்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்வாங்க நிறுத்தி, ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் நேர் எதிர்ப் பக்கம், பிறகு அடுத்த வாய் என்று மாறி மாறி அடிக்க வேண்டும். 2.5 மில்லிமீற்றர் 6013 குச்சி, 80 அம்பியர் அளவு. வாய்க்குள்ளேயும் ஒரு சுற்று அடித்து அரைத்துச் சமப்படுத்தினால் வெளி வெல்டிங்கில் ஊசித் துளை இருந்தாலும் ஒழுகாது. சதுர வாய்க்குள் வட்டக் குழாய் இறங்காது, குழாய் நுனியைச் சூடாக்கி, சதுர இரும்புத் துண்டொன்றை உள்ளே அடித்து இறக்கினால் வடிவம் எடுக்கும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். முறுக்கினபடியே இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

அடுத்த நாள் கழற்றித் தடித்த கண்ணாடியில் வைத்து பீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் இலை எங்கேயும் நுழையாவிட்டால் கேஸ்கட் சமாளிக்கும். நுழைந்தால் முகம் பிடிக்க வேண்டும். இதற்கு லேத்தை விட, சிலிண்டர் ஹெட் முகம் பிடிக்கிற எஞ்சின் ரீகண்டிஷன் கடைதான் சுகம், அதே மெசினில் இதையும் வைத்துச் சீவித் தருவார்கள். கொஞ்சம்தான் என்றால் கண்ணாடியில் 80 ஆம் நம்பர் அரத்தாளை ஒட்டி எட்டுப் போடுகிற மாதிரித் தேயுங்கள், பளபளப்பு முழு முகத்திலும் வரும் வரைக்கும்.

நட்டு விஷயம் சின்னது, ஆனால் இதில்தான் ஹெட் பழுதாகிறது. மைனர் ஸ்டட்டில் நட்டு ஏறுகிற பக்கம் 5/16 யூ.என்.எஃப், அங்குலத்துக்கு 24 புரி. நீங்கள் கடையில் ‘எட்டு நட்டு’ கேட்டால் எம் 8 தருவார்கள், 8 மில்லிமீற்றரும் 7.94 மில்லிமீற்றரும் பார்வைக்கு ஒன்றுதான். எம் 8 நட்டு இரண்டு புரி சோக்காக ஏறும், பிறகு இறுகும், சாவி போட்டு இன்னும் சுற்றினால் புரியைத் தின்றுகொண்டே போகும், கடைசியில் ஸ்டட்டும் கையோடு வந்துவிடும். கையால் அடி வரைக்கும் ஏறாத நட்டைச் சாவியால் ஏற்றாதீர்கள். பித்தளை நட்டு கிடைத்தால் அதையே போடுங்கள், துருப்பிடித்து ஒட்டாது. ஏற்கனவே உடைந்த ஸ்டட் இருந்தால் அதன் தலையில் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடித்து, சிவப்பு ஆறியதும் மெழுகுதிரியைப் புரியோரம் தொட்டு உருக விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக் கழற்றுங்கள். அவசரப்பட்டு ஒரே பக்கம் இழுத்தால் திரும்பவும் உடையும்.

கேஸ்கட்டுக்கு உள்ளே துளைத்தகடு வைத்த கிராபைட் ஷீட் நல்லது. செப்புத் தகடும் வெட்டிப் போடலாம், போடும் முன் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மையாகிவிடும். சிவப்பு சிலிக்கோன் சைலன்சர் பக்கத்து மூட்டுக்குச் சரி, ஹெட் வாயில் அது எரிந்து உதிரும். இறுக்குவது நடுவில் தொடங்கி இரண்டு கரைக்கும், 15 அடி-இறாத்தல் அளவு, அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். ஓட்டி முழுசாக ஆறின பிறகு ஒரு தரம், ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் நட்டுகளைப் பிடித்துப் பாருங்கள், என்னுடையதில் முதல் தரம் நடு நட்டு கால் சுற்று வாங்கியது, இரண்டாம் தரம் ஒன்றும் அசையவில்லை. சூட்டுப் பெயின்ட் அடிக்கிறதென்றால் மாட்டும் முன்னமே, தின்னரால் துடைத்துவிட்டு, கேஸ்கட் முகத்தை விட்டு அடியுங்கள்.

வரைந்த மட்டையை எறிய வேண்டாம். என்னுடையது ‘ஹெட் பக்கம்’ என்ற எழுத்தோடு பட்டறை ஆணியில் தொங்குகிறது, போன மாதம் கல்முனையில் இருந்து ஒரு தம்பி மைனர் ஒன்றோடு வந்து அதை வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.